மூன்றாவது கை

திரையில் சிவப்புப் பொத்தானுக்கும் மவுஸ் அம்புக்கும் நடுவே இரண்டு விரற்கடை தூரம். அந்த இரண்டு விரற்கடையைக் கடக்க முடியாமல் பதினெட்டு நிமிடங்களாக ஓர் அணை செத்துக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை, சார். ஓரம் வரைக்கும் தள்ளுங்க," என்றாள் தமயந்தி.

செயற்பொறியாளர் கஜபதி தன் மவுஸை மேசை விளிம்பு வரை தள்ளினார். சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் அவர் தள்ளிய அதே நொடியில், தெற்கே நெடுங்கால் அணையில் உதவிப் பொறியாளர் செண்பகராமனும் தள்ளினான். திரையில் அம்பு புறப்பட்டது. பொத்தானை நோக்கி ஓடியது. தொடப்போகிற நேரத்தில், பின்னால் இருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி நின்றது. திரும்பி வந்தது. மறுபடி போனது. மறுபடி வந்தது.

ஸ்பீக்கர் போனில் செண்பகராமன் கத்தினான்.

"சார், இன்னும் ஒண்ணரை அடிதான் பாக்கி! அதுக்கு மேல தண்ணி மண்கரையில ஏறிரும். மண்கரையில தண்ணி ஏறுச்சுன்னா அணை சீனி மாதிரி கரைஞ்சிரும் சார்! கீழ ஒம்பது ஊரு கெடக்கு!"

"தெரியுதுப்பா. தள்ளிக்கிட்டுதானே இருக்கேன்," என்றார் கஜபதி. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்க அவருக்குக் கை இல்லை.

மணி இரண்டு ஐம்பத்தைந்து.

எட்டு வருடங்களுக்கு முன்பு வேறோர் ஆற்றில், வேறோர் அணையில், தனியாளாக ஒரு பொறியாளர் ஷட்டரைத் திறந்தார். கீழே நாற்பது பேர் செத்தார்கள். அவர் ஜெயிலுக்குப் போனார். அதற்குப் பிறகு எந்த அணையிலும் எந்தப் பொறியாளரும் ஷட்டரைத் தொடவில்லை. கோப்புகளை மட்டும்தான் திறந்தார்கள். அப்போது பிறந்ததுதான் மூன்று கை விதி. கையால் சுற்றும் சக்கரங்களுக்கு அரக்கு முத்திரை வைத்தாயிற்று. ஷட்டரைத் திறக்கிற மோட்டார் ஒரே ஒரு அம்புக்குத்தான் கட்டுப்படும். அந்த அம்பை மூன்று பேர் சேர்ந்து பிடிக்க வேண்டும். அணையில் ஒருவர். சென்னையில் ஒருவர். கீழே ஆற்றங்கரையில், ஜனங்களை அப்புறப்படுத்தும் தாசில்தார் ஒருவர். மூன்று மவுஸும் எங்கெங்கே நிற்கிறதோ அதன் சராசரிதான் அம்பு நிற்கும் இடம். பொத்தான் மேல் அது ஐந்து நொடி நிற்க வேண்டும். ஒருவர் மனது வைக்காவிட்டால் அம்பு போய்ச் சேராது.

திரையில் பொத்தானையும் பெட்டியையும் அம்பையும் வரைந்து கொடுக்கிற மென்பொருளைத் தமயந்தியின் கம்பெனிதான் எழுதியது. அதில் அம்புப் பகுதி முழுக்க அவளுடையது. அம்பு எப்போது கையாக மாற வேண்டும், எப்போது மணல்கடிகாரமாக மாற வேண்டும், கை நடுங்கினாலும் அம்பு நடுங்காமல் எப்படி ஓட வேண்டும் என்பதெல்லாம் அவள் எழுதிய வரிகள். முப்பத்தெட்டு வயதில் அவள் பெருமைப்பட்ட ஒரே பொருள் அதுதான்.

"மூணாவது கை யாரு?" என்றாள், தெரிந்தும்.

"இசக்கியம்மாள். தாசில்தார்," என்றார் கஜபதி. "காலைலேர்ந்து போன் போகல. டவர் எல்லாம் காலி. ஆபீஸ் லேண்ட்லைனும் செத்துப்போச்சு."

"ஆனா அவங்க கை ஆன்லைன்ல இருக்கே சார். சாட்டிலைட் டப்பா வேலை செய்யுது."

"கை இருக்கு. ஆள் இருக்காங்களான்னு கேளு."

தமயந்தி தன் திரையில் மூன்றாவது கையின் அசைவை மட்டும் பிரித்து வரைபடமாகப் பார்த்தாள். அலை மாதிரி ஒரு கோடு. மேலே, கீழே. மேலே, கீழே. எட்டு நொடிக்கு ஒரு முறை. அளந்து வைத்த மாதிரி.

அவள் கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"ஃபேன்," என்றாள்.

"என்னது?"

"டேபிள் ஃபேன், சார். மவுஸைத் தலை ஆட்டுற டேபிள் ஃபேன்ல கட்டி வச்சிருக்காங்க."

கஜபதிக்கு விளக்க வேண்டியதில்லை. அறுபது நொடி மவுஸ் அசையாவிட்டால் 'அலுவலர் இல்லை' என்று பதிவாகும், அம்பு மணல்கடிகாரமாகி எல்லாருக்கும் பூட்டிக்கொள்ளும். அதுவும் தமயந்தி எழுதியதுதான். எட்டு மணி நேர டியூட்டி, செய்வதற்கு ஒன்றுமில்லை, நிமிடத்துக்கு ஒருமுறை எலியை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் எந்த மனிதன் ஆட்டுவான்? மழைக்காலம் தொடங்கிய ஒரே வாரத்தில் தமிழ்நாட்டு அணைகள் எல்லாவற்றிலும் அதை ஆட்ட ஆள் கண்டுபிடித்துவிட்டார்கள். கஜபதி கைக்கடிகாரத்தைக் கழற்றி அதன் மேல் மவுஸை வைப்பார். நொடிமுள் ஓடும், மவுஸ் ஏமாறும். செண்பகராமன் ஃபேனில் கட்டுவான். தாசில்தார் அலுவலகத்தில் பியூன் செய்த ஏற்பாடும் ஃபேன்தான். ஆனி மாதத்திலிருந்து அந்த அலையைத் தமயந்தி பார்த்திருக்கிறாள். அறிக்கை அனுப்பினாள். அறிக்கை கிடைத்தது என்று பதில் வந்தது.

"அந்தம்மா ஃபேனைப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிருக்காங்க," என்றார் கஜபதி. குரல் கீறிப்போயிருந்தது. "ஒம்பது ஊர் முழுகப் போகுது, ஃபேன் காத்து வாங்குது."

"இசக்கியம்மா மேடம் அப்படி ஆளு இல்ல சார்," என்றான் செண்பகராமன் போனில்.

"நீயும்தான் அப்படி ஆள் இல்ல. உன் மவுஸ் போன வாரம் முழுக்க ஃபேன்லதானே இருந்துச்சு?"

 போனில் மழை இரைச்சல் கேட்டது. செண்பகராமன் வேறு மாதிரி குரலில் சொன்னான்: "மேடம். என் பொண்டாட்டி கீழமுடுக்கு ஆஸ்பத்திரியில பிரசவத்துக்குக் கெடக்கா. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா. அணை போச்சுன்னா மொத ஊரு அதுதான். ஏதாச்சும் செய்யுங்க மேடம்."

"சாட் இருந்தா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றார் கஜபதி.

இல்லை. ஓர் அலுவலர் இன்னொருவரை வற்புறுத்திவிடக் கூடாது என்று தணிக்கைக் குழு அதை எடுத்துவிட்டது. மூன்று பேரையும் இணைப்பது அம்பு மட்டும்தான்.

தமயந்தி எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள்.

"சார், ஒரு வழி இருக்கு. மூணாவது கையை நான் வெட்டிட முடியும். அந்த இடத்துல உங்க ரெண்டு பேர் கையோட நடுப்புள்ளியை வச்சுடுவேன். அம்புக்கு மூணு கை இருக்கிற மாதிரியே தெரியும்."

கஜபதி அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார்.

"நான் அதைக் கேக்கல," என்றார் மெதுவாக. "நீ சொன்னது என் காதுல விழல. புரியுதா?"

புரிந்தது. இந்த விதியையே இதற்காகத்தானே கொண்டுவந்தார்கள். எந்தக் கையும் தனியாக மாட்டக் கூடாது. இப்போது மாட்டப்போவது அவள் கை.

"மேடம், ஒரு அடி!" என்று போன் அலறியது.

ஒரு வரி. ஒரே ஒரு வரியை மாற்றினாள்.

அம்பு விடுபட்ட கன்றுக்குட்டி மாதிரி பாய்ந்தது. பொத்தான் மேல் ஏறியது. கையாக மாறியது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

மூன்று மணி இரண்டு நிமிடம். போனில் இரும்பு முனகும் சத்தம் கேட்டது. பதின்மூன்று ஷட்டர்கள் மேலே ஏறத் தொடங்கின.

கஜபதி நாற்காலியில் சரிந்தார். செண்பகராமன் சிரித்தான், அழுதான், மூக்கைச் சிந்தினான். "நீங்க நல்லா இருக்கணும் மேடம். நல்லா இருக்கணும். பிள்ளைக்கு ஒங்க பேரையே வைக்கேன்."

"ஆம்பளைப் பிள்ளையா இருந்தா என்ன செய்வீங்க?" தமயந்திக்கும் சிரிப்பு வந்தது.  "மிஸஸ்ஸை வேற ஊருக்கு மாத்தலாமே? அங்க எல்லா வசதியும் இருக்கா?"

"வசதியா? டார்ச் அடிச்சுப் பிரசவம் பாத்துக்கிட்டு இருக்காங்க மேடம். தாலுகா பூரா காலைல அஞ்சு மணியிலருந்து கரண்டே கெடையாதுல்லா. நாங்களே ஜெனரேட்டர்லதான் ஓட்டுதோம்."

தமயந்தியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"தாலுகா பூராவா?"

"ஆமா மேடம். கம்பம் எல்லாம் சாஞ்சு கெடக்கு."

"தாசில்தார் ஆபீஸ்ல ஜெனரேட்டர் இருக்கா?"

"அது ஆனி மாசமே புட்டுக்கிச்சு. என்ன மேடம்?"

கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இல்லை. அப்படியானால் ஃபேனை ஆட்டுவது யார்?

அவள் விரல்கள் அவளுக்கு முன்பே ஓடின. மூன்றாவது கையின் புள்ளிகளை எடுத்தாள். இந்த முறை அலையாக வரையவில்லை. திரை மேல், அந்தக் கை நின்ற இடத்திலேயே வைத்தாள். திரையின் இடப்பக்கத்தில் எப்போதும் ஆற்றின் வரைபடம் இருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. புள்ளிகள் அத்தனையும் அதன் மேல் விழுந்தன. ஆற்றின் நடுவே ஒரு சின்ன மணல்திட்டு. அதன் மேல்முனையிலிருந்து கீழ்முனைக்கு ஒரு கோடு. கீழ்முனையிலிருந்து மேல்முனைக்கு ஒரு கோடு. நூற்று நாற்பது தடவை.

"சார்." திரையை அவர் பக்கம் திருப்பினாள். "அது ஃபேன் இல்ல. அவங்க காட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. 'இங்க இருக்கோம், இங்க இருக்கோம்'னு."

கஜபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "ஆலந்திட்டு. அங்க யார் இருக்கா?"

"அவங்களேதான் இருக்காங்க. லேப்டாப்போட." ஒவ்வொரு அலுவலருக்கும் அவரவர் கை தன் திரையில் ஒரு மங்கல் புள்ளியாகத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. இசக்கியம்மாளுக்கு அது தெரிந்திருக்காது. தான் காட்டுவது சென்னையிலும் அணையிலும் தெரிகிறது என்றே நினைத்திருப்பார். பார்த்துக்கொண்டேதான் பொத்தானை நோக்கித் தள்ளுகிறார்கள் என்றும் நினைத்திருப்பார்.

கையின் நடுக்கம் தெரிந்திருந்தால் தமயந்தி கண்டுபிடித்திருப்பாள். ஃபேனுக்கு ஏது நடுக்கம்? ஆனால் சாட்டிலைட் இணைப்பு மெதுவானது. நொடிக்கு ஒரு புள்ளி போதும், நடுவில் வருவதை விட்டுவிடு, மிச்சத்தை வழவழப்பாக்கு என்று எழுதியவள் அவள்.

"செண்பகராமன், ஆலந்திட்டுக்குத் தண்ணி எப்ப போகும்?"

"இன்னும் பன்னெண்டு நிமிஷத்துல மேடம். ஷட்டர் மெதுவாத்தானே ஏறுது. ஏன்?"

"தாசில்தாரம்மா அங்க இருக்காங்க. கூட ஆள் இருக்காங்க."

 "ஐயோ," என்றான். அவ்வளவுதான்.

மணி மூன்று பத்து. திறந்து எட்டு நிமிடம். ஷட்டர்கள் பாதிதான் ஏறியிருந்தன.

தமயந்தி மூன்றாவது கையை மீண்டும் சேர்த்தாள். வழவழப்பை எடுத்தாள். திரையில் அந்தப் புள்ளி இப்போது உயிரோடு துடித்தது. குளிரில் விறைத்த கை; பயந்த கை. பேசுவதற்கு வழி? அவளிடம் இருந்தது அம்பு மட்டும். அம்பு என்பது என்ன? முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு புள்ளிகளில் வரைந்த ஒரு படம். எந்தப் படத்தை வேண்டுமானாலும் அவள் அம்பாக அனுப்பலாம். மூன்று எழுத்து அடங்கும். ஒவ்வொரு படமாக அனுப்பினாள்.

'தண்ணி.' 'வருது.' 'மேல.' 'ஏறு.'

ஆலந்திட்டில், மழைக்குப் பிடித்த ஒரு தார்ப்பாய்க்குக் கீழே, அம்பு எழுத்தாக மாறுவதை இசக்கியம்மாள் பார்த்திருக்க வேண்டும். புள்ளி அசையாமல் நின்றது. பிறகு கோணல்மாணலாக ஓடி, ஓர் எண்ணை எழுதியது.

31.

கொஞ்சம் இடம் விட்டு, அதன் கீழே: படகு பஞ்சர்.

"முப்பத்தொரு பேர்," என்றாள் தமயந்தி. "செண்பகராமன், ஷட்டரை இறக்கணும்."

"முழுசா மூடுனா அரை மணி நேரத்துல அணை போயிரும் மேடம். பாதியா இறக்கலாம். நாலு மணி வரைக்கும் தாங்கும்னு நெனைக்கேன். தாங்காமலும் போகலாம்." மூச்சு வாங்கினான். "ஆனா வெள்ள நேரத்துல 'பாதி'ங்கறது பிடிச்சிருக்க வரைக்கும்தான் நிக்கும். அம்பு பொத்தானை விட்டு விலகிச்சுன்னா ஷட்டர் தானா மேல ஏறிரும். பாதுகாப்புக்கு அப்படி வச்சிருக்காங்க. மூணு கையும் ஒரு நிமிஷங்கூட விடாம பிடிக்கணும்."

"படகு?"

"கீழமுடுக்குல ரெண்டு படகு நிக்குது. ஆஸ்பத்திரிக்குன்னு நிறுத்துனது." போனில் வயர்லெஸ் கரகரத்தது. "அனுப்புதேன். போலீஸ் வயர்லெஸ்ல சொல்லுதேன். அரை மணி ஆகும்."

"உங்க மிஸஸ்..."

"மேடம், பேசிக்கிட்டே இருந்தா நான் மனசு மாறிருவேன். அம்பப் பிடிங்க."

தமயந்தி கஜபதியைப் பார்த்தாள். அவர் மவுஸிலிருந்து கையை எடுத்திருந்தார்.

"வெள்ளத்துல ஷட்டரை இறக்கறதுக்கு எனக்கு எழுத்துல உத்தரவு வேணும்மா. செக்ரட்டரி ரூமுக்குப் போய்ட்டு வந்துடறேன்."

"சார், ஆறு மாடி ஏறி இறங்கறதுக்குள்ள..."

"ரெண்டே நிமிஷம்." பழக்கதோஷம், கைக்கடிகாரத்தைக் கழற்றி மவுஸுக்கு அடியில் வைத்தார். கதவு சாத்திக்கொண்டது.

தமயந்தி அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கடிகாரத்தைத் தள்ளிவிட்டு மவுஸைப் பிடித்தாள். மஞ்சள் நிறப் பொத்தான்: 'பாதி'. அதே சொல்லை அம்பாக ஆலந்திட்டுக்கு அனுப்பினாள். மூன்று பேரும் தள்ளினார்கள். அணையில் ஒருவன், திட்டில் ஒருத்தி, சென்னையில் அவள். இந்த முறை அம்பு தயங்கவில்லை. நேராகப் போய் அமர்ந்தது.

மணி மூன்று பத்தொன்பது. ஷட்டர்கள் நின்றன. இறங்கின. ஆனால் பதினேழு நிமிடத்துத் தண்ணீர் ஏற்கெனவே போய்விட்டது. அதைக் கூப்பிட்டு நிறுத்த எந்த அம்பாலும் முடியாது.

மூன்று இருபத்திரண்டுக்கு இசக்கியம்மாளின் புள்ளி ஒரு தடவை பலமாக உலுக்கிக்கொண்டது. பொத்தானை விட்டு நழுவியது. தமயந்தி "விடாதீங்க, விடாதீங்க" என்று காலி அறையில் கத்தினாள். புள்ளி திரும்பி வந்தது. முன்னைவிட மோசமாக நடுங்கியது. என்ன நடந்தது என்று அது எழுதவில்லை. எழுதக் கையில்லை, கை பொத்தானைப் பிடித்திருந்தது.

அப்படியே இருபது நிமிடம் ஓடியது. மூன்று கையும் ஒரு விரலளவு இடத்தில் நின்றன.

"படகு போய்ச் சேந்துருச்சு மேடம்!" மூன்று நாற்பத்திரண்டுக்குச் செண்பகராமன் குரல். படகிலிருந்து வயர்லெஸ் அவன் காதில் கரகரத்தது. "ரெண்டும் போயிருச்சு. இடுப்பளவு தண்ணியாம். மொத படகுல பதினெட்டுப் பேரை ஏத்தியாச்சு. கெளம்பிருச்சு. ரெண்டாவதுல ஒம்பது பேரு..." நிறுத்தினான். "மேடம், இங்க மண்கரையில ஒரு எடத்துல ஒழுக ஆரம்பிச்சிருக்கு."

"பெரிசா?"

"விரல் பருமன். சாக்குப் போடுதோம்."

மூன்று ஐம்பது. மூன்று ஐம்பத்திரண்டு.

"ரெண்டாவது படகு ஏன் இன்னும் நிக்குது?"

"தாசில்தாரம்மா ஏற மாட்டேங்காங்களாம். கைய எடுத்தா ஷட்டர் ஏறிரும், பாதி தொறந்து கெடக்கறதால பன்னெண்டு நிமிஷத்துல தண்ணி வந்துரும், படகு கரை சேர இருபது நிமிஷம் ஆகும், நடு ஆத்துல வச்சு அடிச்சிரும்ங்காங்களாம். என்னைய விட்டுட்டு நீங்க போங்கலேன்னு படகுக்காரனை ஏசுதாங்களாம். அவன் ஒங்கள விட்டுட்டுப் போனா ஊருக்குள்ள மூஞ்சி காட்ட முடியாதும்மான்னு நிக்கான்."

"லேப்டாப்பைப் படகுக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க!"

"டப்பா ஆடுனா சிக்னல் போயிருமே மேடம். மரத்துல கட்டி வச்சிருக்காங்க."

தமயந்தி இடது கையால் கஜபதியின் மவுஸைப் பிடித்துக்கொண்டே வலது கையால் தன் விசைப்பலகையை இழுத்தாள். படம் வரைந்தாள். 'நான்.' 'பிடி.' 'க்கி.' 'றேன்.' 'நீங்க.' 'ஏறு.' 'ங்க.'

புள்ளி பொத்தானின் விளிம்புக்குள்ளேயே, இம்மியளவு இம்மியளவாக, எழுதியது. யார். புள்ளி எழுதியதையெல்லாம் அவள் போனில் படித்துச் சொன்னாள்.

"என் பேரப் போடுங்க மேடம்! என்னைத் தெரியும் அவங்களுக்கு!"

"நீங்கதான் ஏற்கெனவே ஒரு கை பிடிச்சிருக்கீங்களே. நம்புவாங்களா?"

தன் பெயரை அனுப்பினாள். மென்பொருள் என்று அனுப்பினாள்.

புள்ளி யோசித்தது. பிறகு எழுதியது. 3 மணிக்கு?

மூன்று மணிக்கு நான் சம்மதிக்கவில்லையே, திறந்தது யார் கை? கேள்வி அதுதான். தெரியாது என்று அனுப்பலாம். கோளாறு என்று அனுப்பலாம். மூன்று எழுத்தில் எத்தனையோ பொய் அடங்கும். ஒன்பது பேர் படகில் காத்திருந்தார்கள். மண்கரை ஒழுகிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் ஒரு பொய் தப்பே இல்லை.

'நான்' என்று அனுப்பினாள்.

"என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க?" செண்பகராமன் கதறினான். "பொய் சொல்லியிருக்கலாம்லா!"

"கேட்டாங்களே," என்றாள். வேறு காரணம் அவளிடம் இல்லை.

புள்ளி எழுதுவதை விட்டது.  பொத்தானின் நடுவில் போய் நின்றுகொண்டது. ஒரு முறை தன் கையைத் திருடியவளிடம் அந்தக் கையை அவர் மறுபடி தரப்போவதில்லை. நியாயம்தானே? தமயந்தியாக இருந்தாலும் தந்திருக்க மாட்டாள்.

"மேடம், ஒழுகல் மணிக்கட்டு பருமன் ஆயிருச்சு."

மணி மூன்று ஐம்பத்தாறு.

தமயந்தி அந்த வரியை மறுபடி மாற்றினாள்.

இசக்கியம்மாளின் கை வெட்டுப்பட்டது. அந்த இடத்தில் தமயந்தி தன் சொந்த மவுஸை வைத்தாள். இடது கையில் கஜபதியின் எலி, வலது கையில் தன் எலி. அம்பு ஒரு முடியளவு ஆடியது. பிறகு நின்றது. ஆலந்திட்டுத் திரையில் அம்பு மணல்கடிகாரமாக மாறியிருக்கும். எதைப் பிடித்தாலும் இனி பிடிபடாது.

வெட்டுப்பட்ட புள்ளி அவள் திரையில் மட்டும் தெரிந்தது. அது வெறி பிடித்த மாதிரி ஓடியது. பொத்தானுக்கு ஓடியது, மேலே, கீழே, திட்டுக்கு, மறுபடி பொத்தானுக்கு. அடித்தது. அறைந்தது. பிறகு சட்டென்று அப்படியே நின்றது.

பத்து நொடி. இருபது. நாற்பது.

"ஏறிட்டாங்க!" போன் வெடித்தது. "ஏறிட்டாங்க மேடம்! ஏசிக்கிட்டே ஏறுதாங்களாம்! கேக்க முடியாத ஏச்சாம்!"

தமயந்தி இரண்டு கையையும் அசைக்காமல் அழுதாள். இருபது நிமிடம் அப்படியே பிடித்திருந்தாள். மூக்கு ஒழுகியது. தோள் மரத்துப்போனது. மண்கரையில் நாற்பது பேர் சாக்கு சாக்காக மணலைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான்கு பதினாறுக்கு வயர்லெஸ்ஸில் "கரை" என்ற ஒரு வார்த்தை வந்தது. கைகளை விட்டாள். பதின்மூன்று ஷட்டர்களும் ஏறின. அணை நின்றது.

கஜபதி நான்கு இருபத்தைந்துக்குத் திரும்பி வந்தார். உத்தரவு கிடைக்கவில்லை என்றார்.

நாற்பத்தொரு நாள் கழித்து, மாவட்டத் தலைநகரில் விசாரணை நடந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் ஆணையர். அவருக்குப் பக்கத்தில் அரசு வழக்கறிஞர், சுருக்கெழுத்தாளர். செண்பகராமன் சாட்சி சொன்னான். அவனுக்குப் பெண் குழந்தை, டார்ச் வெளிச்சத்தில் பிறந்தது. கஜபதி சாட்சி சொன்னார். தான் உத்தரவு வாங்கப் போயிருந்ததாக மூன்று முறை சொன்னார். பதிவேட்டில் மூன்று கையும் சம்மதித்ததாகவே இருந்தது. அரசு வழக்கறிஞருக்கு அது போதுமானதாக இருந்தது. யார் மேலும் குற்றமில்லை. விதி நினைத்தது நினைத்தபடி வேலை செய்திருக்கிறது.

"பதிவேடு பொய்," என்று தமயந்தி எழுதிக் கொடுத்திருந்தாள்.

கடைசியாக இசக்கியம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கறுத்த, உயரமான பெண். பருத்திச் சேலை. தமயந்தி அவர் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். பார்த்த உடனே குனிந்துகொண்டாள்.

"மொதல்ல மூணு பேரைச் சொல்லிடுதேன்," என்றார் இசக்கியம்மாள். "பேச்சிமுத்து. அவன் பொஞ்சாதி மாடத்தி. அவங்க வீட்டுக்கு விருந்தாடி வந்திருந்த ராசம்மா. திட்டுக்குக் கீழ்முனையில ஆடுகளை அவுத்து விடப் போனாங்க. மூணு இருபத்திரண்டுக்குத் தண்ணி வந்துச்சு. நான் கையில எலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பாத்துக்கிட்டே நின்னேன். போக முடியல."

சுருக்கெழுத்தாளர் எழுதினார்.

"அந்த முதல் முறை நடந்தது பற்றிப் புகார் கொடுத்திருக்கீங்க," என்றார் அரசு வழக்கறிஞர். "இரண்டாவது முறையையும் சேர்த்திருக்கீங்க. அதை மட்டும் எடுத்துடலாமேம்மா? அதுல உங்க உயிரையும் ஒம்பது பேர் உயிரையும் காப்பாத்தியிருக்காங்க. அதைக் குத்தம்னு எழுதினா நல்லாவா இருக்கும்?"

"இந்தப் புள்ள காப்பாத்துச்சு. நான் இல்லங்கலியே." இசக்கியம்மாள் தமயந்தியை நேராகப் பார்த்தார். கோபமில்லை, கனிவும் இல்லை. "ஆனா எங்கிட்ட கேட்டுச்சா? மொத தடவ கேக்கல, ரெண்டாந் தடவ கேட்டுச்சு, நான் மாட்டேன்னேன், அப்பவும் செஞ்சுச்சு. நல்லதுக்குன்னு செஞ்சது மட்டும் கணக்குல வரக் கூடாதுன்னா, மொதல்ல செஞ்சதும் ஒம்பது ஊரு நல்லதுக்குத்தானே? நாளைக்கு வேறொருத்தி இந்த நாக்காலியில உக்காந்து, இந்த ரெண்டாவதக் காட்டிக்கிட்டே மொதலாவதச் செய்வா. அதனால ரெண்டையும் எழுதுங்க."

அறையில் மின்விசிறி கூட ஓடவில்லை. மழை விட்டுக் குளிராக இருந்தது. ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் தமயந்தியின் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன சொல்றீங்கம்மா? மறுக்கிறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு."

தமயந்தி எழுந்து நின்றாள். அவளுடைய வக்கீல் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதிக்கங்க சார். மூணு மணி ரெண்டு நிமிஷம். மூணு மணி ஐம்பத்தாறு நிமிஷம். ரெண்டும் என் கை."

சுருக்கெழுத்தாளர் ஆணையரைப் பார்த்தார். ஆணையர் தலையசைத்தார். பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. அது முடியும் வரை இசக்கியம்மாள் உட்காரவில்லை.